வாசக்கால் நாளைக் குறிக்கும் முன் மரத்தைக் காயவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவாசலுக்கு எந்த மரம் நல்லது என்ற கேள்வி உங்கள் வீட்டுமனை இணைப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. பதிலும் அநேகமாக ஒரே சொல்தான்: தேக்கு. பதிலில் தவறில்லை. ஆனாலும் தேக்கில் செய்த கதவுதான் ஐப்பசியில் இறுகிக்கொள்கிறது, சித்திரையில் பூட்டுப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது, மூன்றாம் வருடம் பலகை நடுவே நீளமாக வெடிக்கிறது. மரத்தின் பெயரை விசாரித்தவர்கள் அந்த மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று விசாரிக்காமல் விட்டதே இதற்குக் காரணம்.

விசாரிக்க நேரமும் இருப்பதில்லை. அடித்தளம் முடிந்ததும் வாசக்கால் வைக்க நாள் பார்க்கிறோம். நாள் பத்துப் பதினைந்து நாளுக்குள் அமைந்துவிடுகிறது. அதன் பிறகுதான் மரவாடிக்குப் போகிறோம். நேற்று அறுத்த தடியில் 4 அங்குல கனத்தில் கால் எடுத்து, நான்கு நாளில் நிலை கோத்து, ஐந்தாம் நாள் மஞ்சள் பூசி நிறுத்துகிறார்கள். அதன் மேல் செங்கல் கட்டு ஏறுகிறது. கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் நிலையும் நனைகிறது. வீடு முடிந்து குடிபோன பிறகு அந்த மரம் காயத் தொடங்கும்போது சுவரிலிருந்து பிரிகிறது, முறுக்கிக்கொள்கிறது, அதில் மாட்டிய கதவையும் சேர்த்து இழுக்கிறது.

மரத்தின் ஈரம் ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம், அகலத்தில்தான் எல்லாம். தட்டையாக அறுத்த 12 அங்குலத் தேக்குப் பலகை 20 விழுக்காட்டு ஈரத்திலிருந்து 12-க்கு வரும்போது சுமார் 4.5 மி.மீ. குறுகும். அதே பலகையை மரத்தின் ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்திருந்தால் 2.5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். இவ்வளவுக்கும் தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. மற்ற பல மரங்களுக்குக் கணக்கு இதைவிட மோசம்.

ஆகவே மதுரை, திருச்சி, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் கதவு மரம் 12 விழுக்காட்டை ஒட்டியும், சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் 14-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் பெரிய மரவாடிகளில் இருக்கிறது. அதன் இரண்டு ஊசிகளும் மேற்பரப்பை மட்டுமே தொடும் என்பதை மறக்கக் கூடாது. 4 அங்குலக் காலில் தோல் 12 காட்டும்போது உள்ளே 25 இருக்கலாம். பலகையின் முனையில் குத்திப் பார்ப்பதிலும் பயனில்லை, முனைதான் முதலில் காயும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி வெட்டி, அந்த வெட்டுமுகத்தின் நடுவில் குத்தச் சொல்ல வேண்டும். மீட்டர் கிடைக்காவிட்டால் அதே இடத்தில் ஓர் அங்குலத் துண்டு அறுத்து உடனே எடை பார்த்துக்கொள்ளலாம். பிறகு 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரும்வரை காயவிட வேண்டும். 115 கிராம் இருந்தது 100 கிராமில் நின்றால் ஈரம் 15 விழுக்காடு. சமையலறைத் தராசு போதும்.

காற்றில் உலர்த்துவதானால் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அது கொஞ்சம் குறையலாம். ஆனால் 4 அங்குலக் காலுக்கு ஒரு வருடத்துக்கும் கூடுதலாகவே வேண்டும். தோட்டத்து வேம்பையோ பலாவையோ வெட்டி நிலைக்கு வைத்திருப்பவர்கள் அதைத் தடியாகவே போட்டு வைப்பதுதான் பெரிய பிழை. தடியாகக் கிடந்தால் உள்ளே ஈரம் இறங்காது, பட்டைக்கடியில் வண்டு முட்டையிடும். வெட்டிய உடனே வேண்டிய அளவுக்கு அரை அங்குலம் கூட்டி அறுத்துவிட வேண்டும். முனைகளில் பழைய பெயின்டோ மெழுகோ பூச வேண்டும். நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே இரண்டு அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேர்கோட்டில் வராவிட்டால் பலகை அந்த இடத்தில் வளைந்தே காயும்.

சடங்கை விடச் சொல்லவில்லை. வீடு கட்ட முடிவெடுத்த நாளிலேயே நிலைக்கு மரம் எடுத்து, அறுத்து, மரத்தைச் சூட்டில் உலர்த்தும் சீசனிங் சூளைக்கு அனுப்பிவிட்டால் நாள் வரும்போது மரம் தயாராக இருக்கும். அதற்கு வழியில்லாதவர்கள் செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. குறித்த நாளில் நிலையை நிறுத்திப் பூசையை முறைப்படி முடித்து, பிறகு எடுத்து நிழலில் வைத்துவிடலாம். சுவரில் நிலையின் வெளி அளவைவிடப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக வாசல் விட்டுக் கட்ட வேண்டும். பக்கத்துக்கு நான்கு இடங்களில் செங்கல்லுக்குப் பதில் கான்கிரீட் கட்டை வைத்து ஏற்ற வேண்டும், செங்கல்லில் பாஸ்னர் (துளையிட்டு முறுக்கும் பிடிதிருகு) நெடுநாள் பிடிக்காது. பூச்சும் தரையும் முடிந்த பிறகு நிலையை உள்ளே நிறுத்தி, காலில் திருகின் தலை புதையும்படி குடைந்து பாஸ்னரை முறுக்கி, குழியை அதே மரத்தில் செய்த குமிழால் அடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. நிலை ஒரு சொட்டுச் சிமென்ட் நீர்கூடப் படாமல் நிற்கும்.

இனி மரத்தின் பெயருக்கு வருவோம். ‘பர்மா தேக்கு’ என்று சொல்லி விற்பதை ஒரு நிமிடம் யோசித்தே வாங்க வேண்டும். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத தடியை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. இன்று மரவாடி வாசலில் உருண்டையாகக் கிடக்கும் தடியைக் காட்டி ‘பர்மா’ என்றால், அது அதற்கு முன் வந்த பழைய சரக்கா என்று கேட்க வேண்டும். இப்போது வந்து இறங்கும் தேக்குத் தடிகள் கானா, தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும், எக்வடோர், பனாமா, கோஸ்டா ரிகா போன்ற அமெரிக்க நாடுகளிலிருந்தும் வருபவை. அவையும் அசல் தேக்கு இனமே. தோட்டமாக நட்டு வளர்த்தவை. நட்டு வளர்த்தது என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பெயர்பெற்ற நிலம்பூர்த் தேக்கும் 1840-களில் மலபார் கலெக்டர் கோனோலி காலத்தில் நட்ட தோட்டத்தில் தொடங்கியதுதான். பார்க்க வேண்டியது வயதை. இளமரத்தில் வைரம் (நடுவில் முதிர்ந்த மரம்) குறைவு, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதி) அதிகம். ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வளர்ந்த அசல் தேக்கையும் அப்படிச் சொல்கிறார்கள், தேக்குக்கு உறவே இல்லாத இரோக்கோ என்ற மரத்தையும் அப்படியே சொல்கிறார்கள். இரோக்கோ கெட்ட மரமில்லை. ஆனால் அதன் விலை அதற்குத்தான் இருக்க வேண்டும்.

தேக்கை அடையாளம் காணக் குறுக்கு வெட்டுமுகத்தை இழைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகக் கண்ணுக்கே தெரியும். புதிதாக இழைத்த முகத்தைத் தடவினால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பழந்தோல் போன்ற வாசனை வரும். நன்கு காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18, 19 கிலோ நிற்கும். அதைவிட மிகவும் கனத்தால் ஒன்று மரம் வேறு, அல்லது உள்ளே தண்ணீர் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெள்ளை. பட்டையை ஒட்டிய அந்த வெளிர்ப் பகுதியில் தேக்கு, வேங்கை, வேம்பு என்ற வேறுபாடு கிடையாது. எந்த மரத்தின் வெள்ளையையும் உளுப்பூச்சி அரித்து மாவாக்கிவிடும், கரையானும் அதில்தான் முதலில் ஏறும். தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். ரெடிமேட் கதவுகளில் வெள்ளை வந்த இடத்தில் சாயம் ஏற்றி, மேலே பாலிஷ் அடித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாலிஷ் போட்ட கதவை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெறும் மரமாக இருக்கும்போது பார்த்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் வெள்ளையும் வைரமும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். கணுவில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருப்பதும் அப்போது தெரியும். விரல்நுனி அளவுள்ள இறுகிய கணு ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. சுற்றிலும் கறுப்பு வளையம் கட்டிய கணு பிறகு கழன்று விழும்.

தேக்குக்குப் பணம் போதாதவர்கள் மட்டத் தேக்குக்குப் போவதைவிட நல்ல நாட்டு மரத்துக்குப் போவதே மேல். வேங்கை உறுதியானது, கனமானது. ஆனால் நனைந்தால் மஞ்சள் சாயம் விடும். பின்பக்கம் பூச்சில்லாமல் சுவரில் புதைத்தால் வெள்ளைச் சுவரில் கறை இறங்கும். பலாவும் அயினியும் குமரி மாவட்டத்தில் தலைமுறைகளாக நிற்பவை, மஞ்சளாகத் தொடங்கி வருடத்தில் பழுப்பேறும். வேம்பு நிலைக்குத் தாங்கும், ஆனால் அதன் நார் இரண்டு பக்கமும் மாறிமாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும், அகலப் பலகையாக எடுத்தால் வளையும். சால் நிலைக்கு நல்லது. கதவுக்கு அதன் கனமும் மேல்வெடிப்பும் ஒத்துவராது. ‘மலேசியா சால்’ என்பது நம் நாட்டுச் சால் மரமன்று, பல மலேசிய மரங்களுக்கு வணிகத்தில் வழங்கும் ஒரு பொதுப்பெயர். ஒரே பெயரில் இந்த மாதம் வருவதும் அடுத்த மாதம் வருவதும் வேறு வேறாக இருக்கும். ஆழமான போர்ட்டிகோவுக்குள் இருக்கும் வாசலுக்கு நல்ல நாட்டு மர நிலையும், நாலு ஓரமும் கட்டை வைத்து அடைத்த தரமான பிளஷ் டோரும்கூடப் போதும்.

அளவிலும் விலையிலும் ஏமாறுவது கணக்குத் தெரியாததால்தான். அறுத்த மரத்துக்கு அங்குலத்தில் உள்ள அகலத்தை அங்குலத்தில் உள்ள தடிமனால் பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி உயரம், 4 அடி அகலத்தில் கீழ்ப்படியோடு ஒரு நிலைக்கு ஓடும் அடி 22. அதை 6-க்கு 4-ல் எடுத்தால் 3.67 கன அடி. கழுந்துக்கு (மற்றச் சட்டத்தின் துளைக்குள் நுழையும்படி முனையில் செதுக்கும் நாக்கு) விடும் மிச்சம் இதில் சேரவில்லை. தடிக்கு வேறு கணக்கு. நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். 48 அங்குலச் சுற்றும் 8 அடி நீளமும் உள்ள தடி 8 கன அடி. அதை அறுத்தால் வெள்ளையும் புறவட்டும் (பட்டையோடு கழியும் ஓரத்துண்டு) போக எவ்வளவு தேறும் என்பது தடியின் நேர்த்தியைப் பொறுத்தது. கோணல் தடியில் பாதி தேறுவதே கடினம். தடியின் கன அடி விலையையும் அறுத்த சட்டத்தின் கன அடி விலையையும் ஒப்பிட்டு ‘இங்கே மலிவு’ என்று முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் நட்டப்படுகிறார்கள்.

சொல்லும் அளவும் கையில் வரும் அளவும் வேறு என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். 6-க்கு 4 என்று பில் போட்ட நிலை இழைத்த பிறகு ஐந்தே முக்காலுக்கு மூன்றே முக்காலாகத்தான் இருக்கும். அது நியாயம். ஒன்றரை அங்குலக் கதவு என்று சொல்லி, ஒன்றரை அங்குலப் பலகையை இழைத்து ஒன்றேகாலில் தருவதில்தான் சிக்கல். அந்தக் கனத்தில் பூட்டுக்குக் குடைந்தால் இரண்டு பக்கமும் அப்பளம் போல மெலிந்த சுவர்தான் மிஞ்சும். இழைத்து முடிந்த கனம் 38 மி.மீ. வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு ஒன்றே முக்கால் அங்குலத்தில் அறுத்திருக்க வேண்டும்.

உயரத்திலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். 7 அடி நிலை என்பது வெளி அளவு. மேல்சட்டம் 4 அங்குலம், கீழ்ப்படி 4 அங்குலம் போக, படிக்கு மேல் நிற்கும் வாசல் 6 அடி 4 அங்குலம்தான். மாவிலைத் தோரணம் கட்டினால் உயரமானவர் தலையில் அது உரசும். 6 அடி 10 அங்குலம் வேண்டுமென்றால் நிலையை 7 அடி 6 அங்குலத்துக்குச் சொல்ல வேண்டும். கூடவே டைல்ஸ், அதன் அடிக்கலவை எல்லாம் சேர்ந்த முடிந்த தரைமட்டத்தைச் சுவரில் கோடு போட்டுவிட்டுத்தான் நிலை நிறுத்த வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் நிறுத்திய நிலைகளில் கீழ்ப்படி தரைக்குள் மூழ்கி, கதவின் அடியை அறுக்க வேண்டி வருகிறது. அறுக்கும்போது கழுந்துக்குக் கீழே மிஞ்சும் மரம் குறைந்து, அடிச்சட்டம் ஆடத் தொடங்கும்.

நிறுத்தும்போது தூக்குக்குண்டை இரண்டு முகத்திலும் பார்க்க வேண்டும், ஒரு முகத்தில் மட்டும் பார்ப்பது போதாது. மூலைக்கு மூலை நாடா பிடித்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 7-க்கு 4 நிலைக்கு அது 8 அடி முக்கால் அங்குலம். 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் நிலை கோணல். கட்டு வேலை முடியும்வரை நடுவிலும் மேல் மூலைகளிலும் அடித்த குறுக்கு ரீப்பரைக் கழற்றக் கூடாது. கிளாம்பு பக்கத்துக்கு மூன்று, சுற்றிலும் 1:2:4 கான்கிரீட். சுவரைத் தொடும் பின்முகத்துக்கும் கீழ்ப்படியின் அடிக்கும் நிறுத்தும் முன்பே இரண்டு கோட் பிட்டுமின் பூசிவிட வேண்டும். பிறகு அந்த முகம் கைக்கு எட்டாது. கரையான் வருவதும் அந்த வழியாகத்தான்.

கீழ்ப்படியின் அடியில் குழி குடைந்து நவரத்தினமும் நவதானியமும் வைக்கும் வழக்கம் இருக்கிறது. தானியத்தை அப்படியே கொட்டிப் பால் ஊற்றினால் எறும்பும் ஈரமும் உள்ளேயே குடியேறும். மூடியுள்ள சிறு செப்புச் சிமிழில் வைத்து, குழியின் வாயை மெழுகு உருக்கி அடைத்துவிட்டால் வழக்கமும் நிற்கும், மரமும் நிற்கும்.

இனி கதவு. இதில் சிற்பத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை மூட்டுக்குக் கொடுத்தாலே போதும். இரண்டு நெடுஞ்சட்டமும் 5 அங்குல அகலம், அடிச்சட்டம் 8 அங்குலம் இருக்க வேண்டும். சட்டங்கள் கழுந்தும் துளையுமாகக் கோத்திருக்க வேண்டும். கழுந்தின் கனம் கதவின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 8 அங்குல அடிச்சட்டத்துக்கு ஒரே அகலக் கழுந்து விட்டால் அதுவே காய்ந்து துளைக்குள் ஆடும். அதனால் நடுவே இடம் விட்டு இரண்டாகப் பிரித்து விட வேண்டும். பசையோடு மூங்கில் ஆணியும் அறைந்திருக்க வேண்டும். பசை தண்ணீர் தாங்கும் ரகம்தானா என்று கேளுங்கள். சட்டத்தின் முனையில் இரண்டு உருண்டைக் குச்சியைச் செருகிப் பசை போட்டு ஒட்டிய கதவுகள் கடையில் நிறைய வருகின்றன. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நெடுஞ்சட்டத்தின் வெளி ஓரத்தைப் பாருங்கள், கழுந்து முழுக்க ஊடுருவியிருந்தால் அதன் முனை அங்கே சதுரமாகத் தெரியும்.

பலகையைப் பற்றி ஒரே விதி: அது காடிக்குள், அதாவது சட்டத்தின் உள்ஓரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், மிதக்க வேண்டும். காடி 13 மி.மீ. ஆழம் என்றால் பலகை 10 மி.மீ. மட்டுமே உள்ளே போக வேண்டும். பசையும் கூடாது, ஆணியும் கூடாது. பலகை அசையாதபடி ஒட்டிவிட்டால் சுருங்கும் நாளில் அது எங்காவது ஓரிடத்தில் வெடித்துத்தான் ஆக வேண்டும். அந்த வெடிப்பைப் பார்த்து மரத்தைக் குறை சொல்கிறோம். இன்னொன்று, பலகைக்குக் கோக்கும் முன்பே ஒரு கோட் சீலர் அடித்துவிட வேண்டும். கோத்த பிறகு அடித்தால் கோடையில் பலகை சுருங்கி வெளியே வரும் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். சிற்பம் செதுக்குவதானால் பலகை கனமாகவே இருக்கட்டும். மெல்லிய பலகையின் மேல் செதுக்கிய துண்டை ஒட்டி, சிறு ஆணி அறைந்த வேலை இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது.

கதவை எடுக்கும் முன் முறுக்கு பார்க்க ஒரு நூல் போதும். தரையில் படுக்க வைத்து, இரண்டு மூலைவிட்டத்துக்கும் ஒவ்வொரு நூலை இழுத்துப் பிடித்தால் இரண்டும் நடுவில் உரசிக்கொள்ள வேண்டும். இடையில் இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ கதவு முறுக்கியிருக்கிறது. நூல்களை மேல்கீழ் மாற்றியும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முறுக்கிய கதவை மாட்டிச் சரிசெய்ய முடியாது.

பூட்டுக்கு இடம் குறிக்கும்போது பெரும்பாலான தச்சர்கள் நடுச்சட்டத்தின் நேரே குடைகிறார்கள். அங்கேதான் கழுந்து இருக்கிறது. பூட்டின் பெட்டி அதை வெட்டிவிட்டால் கதவின் நடுமூட்டே போய்விடும். நடுச்சட்டத்துக்கு மேலே, வெறும் நெடுஞ்சட்டத்தில் பூட்டு வரும்படி வரைபடத்திலேயே நடுச்சட்டத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். பூட்டையும் கைப்பிடியையும் கதவு செய்யும் முன்பே வாங்கி ஆசாரியின் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

மேற்சொன்ன நிலைக்குப் பொருந்தும் தேக்குக் கதவு 40 முதல் 50 கிலோ வரும். இதற்கு மூன்று கீல் போதாது, 5 அங்குலக் கீல் நான்கு வேண்டும். கனம் முழுவதும் மேல் கீலை வெளியே இழுக்கிறது என்பதால் நான்காவதை நடுவில் வைக்காமல் மேல் கீலுக்கு ஒரு அடி கீழே வைக்க வேண்டும். பித்தளை அல்லது 304 ரக எவர்சில்வர், கடற்கரையோரம் 316. இரும்புக் கீலும் இரும்புத் திருகும் ஈரம் பட்டால் தேக்கைக் கறுப்பாக்கும், அந்தக் கறை இழைத்தாலும் முழுக்கப் போகாது. திருகு 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு முன்துளை போட வேண்டும். சுத்தியலால் முக்கால்வாசி அடித்து மீதியை முறுக்கும் பழக்கத்தால்தான் கீல்கள் ஆறு மாதத்தில் தளர்கின்றன. பித்தளைத் திருகு இறுக்கும்போது உடைவதால், அதே அளவு எஃகுத் திருகை ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டுப் பிறகு பித்தளையைப் போட வேண்டும்.

பூட்டுப் பக்கமும் மேலும் 3 மி.மீ., தரைப் பக்கம் 5 முதல் 6 மி.மீ. இடைவெளி விடலாம். மழைக்காலத்தில் மாட்டினால் இதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவும், கோடையில் மாட்டினால் கொஞ்சம் தாராளமாகவும் வைப்பது அனுபவமுள்ள ஆசாரிக்குத் தெரியும். கதவு இறுகியதும் இழைப்புளியை எடுப்பதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பார்க்க வேண்டும். பூட்டுப் பக்கத்து மேல் மூலை மட்டும் உரசினால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது. திருகை மாற்றினால் சரியாகும், இழைத்தால் கெடும். ஓரம் முழுதும் ஒரே சீராக உரசினால் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. கார்த்திகையில் அதை இழைத்தவர்கள் பங்குனியில் இடைவெளியைப் பார்த்து வருந்துவார்கள். தை பிறக்கும்வரை பொறுத்து, அப்போதும் உரசினால் மட்டும் ஒரு மி.மீ. எடுக்கலாம். இழைத்த இடத்தை அன்றே பூசிவிட வேண்டும்.

பூச்சில் பிரெஞ்சு பாலிஷ் வெளிக்கதவுக்கு ஆகாது. அது அரக்கு, தண்ணீர் பட்டால் வெளுக்கும். மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு உரியது. வெயில்படும் கதவுக்கு வெளிப்புற ரக பி.யூ. (பாலியூரித்தேன்) மூன்று கோட் வேண்டும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் முதல் கோட்டுக்குச் சற்று முன்பு தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு ஒட்டாமல் தோலாக உரியும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கு, வடக்கு வாசல்களில் அடிக்கிறது. மேற்கு வாசலில் மாலை வெயில். மேலே இரண்டு அடி சஜ்ஜா நீட்டியிருப்பது எந்தப் பூச்சையும்விட அதிகம் உதவும். எல்லோரும் மறக்கும் இடம் கதவின் மேல் விளிம்பும் அடி விளிம்பும். கண்ணுக்குத் தெரியாது என்று பூசாமல் விடுகிறார்கள். மரம் முனைவழியாகத்தான் மிக வேகமாகத் தண்ணீர் குடிக்கும். நெடுஞ்சட்டத்தின் இரண்டு முனைகளும் அந்த விளிம்புகளில்தான் இருக்கின்றன. மாட்டும் முன் கதவைத் தலைகீழாக நிறுத்தி அடியில் மூன்று கோட் அடித்துவிட வேண்டும்.

தோரணத்துக்கும் வாழைக்கும் ஆண்டுதோறும் நிலையில் ஆணி அடிப்பதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே இரண்டு மேல் மூலைகளிலும் பித்தளைக் கொக்கி பொருத்திவிடலாம். வாசல் தெளிக்கும் தண்ணீர் கீழ்ப்படியின் இரண்டு முனைகளில் தேங்கி நிற்காதபடி வெளித்தரை லேசாகச் சரிந்திருக்க வேண்டும்.

காரைக்குடியில் கிடைக்கும் பழைய செட்டிநாட்டுக் கதவுகளை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மரம் பல பத்தாண்டுகள் காய்ந்தது, அந்தக் கவலை இல்லை. ஆனால் அவற்றில் பல கீலில் அல்லாமல் மேலும் கீழும் குடுமியில் (சட்டத்தின் முனையிலேயே செதுக்கிய முளை) சுழல்பவை. குடுமியை வெட்டிக் கீல் வைத்தால் அந்தச் சட்டம் கீல் திருகைத் தாங்கும் கனத்தில் இருக்கிறதா, நிலையின் அடி உளுத்திருக்கிறதா என்று உளியால் குத்திப் பார்க்க வேண்டும். கதவோடு நிலையையும் சேர்த்து வாங்கிக் குடுமியை அப்படியே வைத்துக்கொள்வதே சிறந்தது.

கடைசியாக, மரவாடிகளுக்கும் கதவுக் கடைகளுக்கும் உங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். பில்லில் ‘டீக் டோர் 1’ என்று மட்டும் எழுதுவதை நிறுத்த வேண்டும். மரத்தின் இனம், வந்த நாடு, அறுத்த அளவு, இழைத்து முடிந்த அளவு, கொடுக்கும் நாளில் ஈரம் எத்தனை விழுக்காடு, வெள்ளை உண்டா இல்லையா என்ற ஆறும் எழுத இரண்டு வரி போதும். வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த இரண்டு வரியைக் கேட்கட்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இங்ஙனம்,
கட்டட மரவேலைக் கண்காணிப்பாளர் ஒருவர்,
மதுரை.